பன்னிரண்டு பாத்தி பப்பாளி

கிளாராவின் செல்பேசியில் ஒரு தோட்டம் இருந்தது. எட்டு மாதமாக வளர்த்தது. அந்த விளையாட்டில் எதுவும் சீக்கிரம் நடக்காது. கத்தரிக்கு ஏழு நாள் என்றால் நிஜமாகவே ஏழு நாள். தண்ணீர் விடாவிட்டால் மூன்றாம் நாள் செடி கருகிவிடும். சண்டை, சத்தம் எதுவும் கிடையாது.

"மாடு அசைபோடுற மாதிரி ஒரு கேம்" என்பான் தம்பி பிரிட்டோ.

கிளாரா தாவரவியல் படித்துவிட்டு நாகல் நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே பகல் முழுக்க அடுத்தவர் அவசரம். தோட்டம் மட்டும் அவள் வேகத்துக்கு நடந்தது.

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள், நோன்புக்கு யார் எதை விடுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மா அமலராணி டீயை விட்டாள். பிரிட்டோ கறியை விட்டான்.

"நான் தோட்டத்த ஈஸ்டர் வரைக்கும் தொறக்க மாட்டேன்" என்றாள் கிளாரா.

"நீயா? ஒரு வாரம் தாங்குனா பெருசு" என்று அம்மா சிரித்தாள்.

"திரும்பிப் பாக்கையில அம்புட்டும் தரிசாத்தான் கெடக்கும்" என்றான் பிரிட்டோ.

அது அவளைச் சுட்டது. அன்று மாலையே கணக்குப் போட்டாள். நாற்பது நாள் நோன்பு. பன்னிரண்டு பாத்தியிலும் நாற்பது நாளில் பழுக்கிற பப்பாளியை நட்டாள். விளையாட்டில் அறுத்துச் சேர்த்துவைத்த நெல்லையெல்லாம் விலையாகக் கொடுத்துப் பெரிய தொட்டி கட்டி, சொட்டுநீர்க் குழாய் இழுத்தாள். நிறைந்த தொட்டி சரியாக நாற்பது நாள் வரும். கொஞ்சம் வைக்கோல் மிச்சம் இருந்தது. 'ஈரம் காக்கும்' என்று மட்டும் விளையாட்டில் போட்டிருந்தது. எத்தனை நாள் என்று இல்லை. ஆறு பாத்திகளில் பரப்பினாள். மற்ற ஆறையும் வேண்டுமென்றே வெறுமனே விட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

பிறகு தொடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று பங்குச் சாமி பிரசங்கத்தில் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமைகள் நோன்புக் கணக்கில் சேராது. அதனால்தான் நாற்பது நாள், நாற்பத்தாறு நாளாக நீள்கிறது."

கிளாராவின் கையிலிருந்து குருத்தோலை நழுவியது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். தொட்டி கட்டும்போது மறந்துவிட்டாள். தண்ணீர் இன்றோடு தீர்கிறது. ஈஸ்டருக்கு இன்னும் முழுதாக ஆறு நாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரிட்டோவிடம் சொன்னாள். ஆச்சரியமாக, அவன் கேலி செய்யவில்லை.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானக்கா. கணக்குலயே வராதுன்னு சாமியே சொல்லிட்டாரு. செத்த நேரம் தொறந்து தண்ணிய ரொப்பிட்டு மூடு."

செல்பேசி அவள் கையில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை. யாரும் குறை சொல்ல முடியாது.

"ஈஸ்டர் வரைக்கும்னுதானடா சொன்னேன்."

"அப்பக் குடு, நான் ரொப்புறேன்."

"நீ ரொப்புனா அது என் தோட்டமில்ல."

அடுப்படியில் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் முழந்தாளிட்டபோதுகூடப் பப்பாளிதான் நினைவுக்கு வந்தது. வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து, கோயில் வாசலிலேயே திறந்தாள். பிரிட்டோ தோளுக்கு மேல் தலையை நீட்டினான்.

இடப்பக்கம் ஆறு பாத்தியும் கருகிக் குச்சியாக நின்றன. வலப்பக்கம், வைக்கோல் போட்ட ஆறும் பச்சை. கொத்துக் கொத்தாக மஞ்சள் பழம். நடுவில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் இருந்தது.

"யம்மா, இங்க வந்து பாரேன்!" என்று பிரிட்டோ கத்தினான்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கமாக வந்த மரியசெல்வி அத்தையைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மதினி, எம்மக தோட்டத்தப் பாத்தீகளா? நாப்பத்தாறு நாளா தொடல. கடைசி ஆறு நாளு சொட்டுத் தண்ணி கெடையாது. எப்படி நிக்குது பாருங்க!"

"தோட்டமா? ஆத்தூர்ப் பக்கம் வாங்குனீகளா? சொல்லவே இல்ல!"

"செல்லுலதான் மதினி."

அத்தை சிரித்துவிட்டாள். ஆனாலும் செல்பேசியை வாங்கி உற்றுப் பார்த்தாள். "இதென்ன, பாதி காஞ்சு கெடக்கு?"

அம்மா கிளாராவைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக ஆட்களைக் கண்டால் அம்மா முதுகுக்குப் பின்னால் போய்விடுகிற கிளாரா முன்னால் வந்தாள்.

"அது நான் வேணும்னே வெறுமனே விட்டது அத்தை. வைக்கோல் போட்டா ஆறு நாள் தாங்குது. அந்தக் காஞ்ச பாதி இல்லாம இது தெரிஞ்சிருக்காது."