வேம்பு வாசித்த பேப்பர்

கழக ஆட்சி வந்த மறுவருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து இந்தி போய்விட்டது. இந்திதான் போயிற்று, இந்திக்கான பீரியடும் அதை எடுத்த சாவித்திரி டீச்சரும் போகவில்லை. தலைமையாசிரியர் மண்டையைச் சொறிந்து ஒரு வழி பண்ணினார். கூத்தாநல்லூரிலிருந்து சைக்கிளில் வரும் மீரா உசேன் சார் அந்த நேரத்தில் அரபு எடுப்பார். அரபு வேண்டாதவர்களுக்கு, நேற்று வரை இந்தி எடுத்த அதே சாவித்திரி டீச்சர் தமிழ் வாசிப்பு வகுப்பு எடுப்பார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எது வேண்டுமென்று மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கூலிக்காரத் தெருவிலிருந்து ஏழாம் வகுப்பை எட்டிப் பிடித்தவள் வீரையன் மகள் வேம்பு ஒருத்திதான். அவள் அரபு என்றாள்.

தெருவே வாயைப் பிளந்தது. கொடிக்கம்பத்தடியில் கூலிச் சங்கம் நடத்துகிற வீரையனுக்குத் தூக்கமே போய்விட்டது.

"அரபு படிச்சு என்ன பண்ணப் போற ஆயி?"

"சார் பேரீச்சம்பழம் குடுப்பாராம்."

மறுநாள் கேட்டதற்குக் கப்பலில் போகலாம் என்றாள். அதற்கும் மறுநாள், அரபை வலமிருந்து எழுதுவதால் கை வலிக்காது என்றாள். இவள் எந்தக் கையால் எழுதிக் களைத்தாள் என்று அம்மா அம்சத்துக்குப் புரியவில்லை.

"வாசிப்புல சேந்தா தாசில்தாருக்கு மனு எழுதக்கூடச் சொல்லித் தருவாங்களாம்" என்றார் வீரையன். "நீதான் பேப்பரே வாசிக்கிறவளாச்சே. அங்க உன்ன யாரு அடிச்சுக்க முடியும்?"

அங்கேதான் சிக்கல். வேம்புவுக்கு வாசிக்கத் தெரியாது.

எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து வந்தால் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட ஆரம்பித்துவிடும். பக்கத்துப் பெண் படிப்பதை ஒருமுறை கேட்டால் அப்படியே ஒப்பிக்கிற காது அவளுக்கு. அந்தக் காதுதான் ஏழாம் வகுப்பு வரை தூக்கிக்கொண்டு வந்தது. தெருப் படிப்பகத்தில் எல்லோருக்கும் உரக்கப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த பையன் குடவாசலுக்கு வேலைக்குப் போனதும், அந்த வேலை வேம்புவிடம் வந்தது. அவள் சளைக்கவில்லை. சாயங்காலம் சைத்தூன் பீவி வீட்டு மாட்டுக்குப் புல்லுக்கட்டு போடப் போவாள். அங்கே ரேடியோவில் செய்தி ஓடும். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, பேப்பரை விரித்துப் பிடித்து, கணீரென்று வாசிப்பாள். கேட்டது பாதி, சொந்தச் சரக்கு பாதி. சுற்றி உட்கார்ந்திருக்கிற பெரிய ஆம்பளைகள் "உம்" கொட்டுவார்கள். அந்த "உம்" அவளுக்குச் சோற்றைவிட ருசித்தது.

வாசிப்பு வகுப்பில் முதல் நாளே ஒவ்வொருத்தராக எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அரபு வகுப்பிலோ எல்லோரும் முதல் எழுத்து அலிஃபிலிருந்து ஆரம்பம். அங்கே எல்லோருமே முட்டாள் என்பதால் இவள் தனியாகத் தெரியமாட்டாள்.

இதற்கிடையில் அறுப்பு வந்தது. மிராசுதார் பஞ்சநதம் கூலியைக் கூட்ட மறுத்து, வெளியூர் ஆளை இறக்கினார். தெருவே உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கென்று சைத்தூன் பீவி வீட்டு ரேடியோவில் பேட்டரிக் கட்டை தீர்ந்துபோயிருந்தது. வேம்பு வெறுங்காதோடு படிப்பகத்துக்கு வந்து பேப்பரை விரித்தாள்.

"அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கும் மிராசுதாரர்களின் நெல்லை சர்க்காரே எடுத்துக்கொள்ளும். உள்ளூர் ஆளுக்கு அரை மரக்கால் கூட்டித் தர வேண்டும்."

விடிந்ததும் வீரையன் ஆட்களோடு போய்ப் பண்ணை வாசலில் நின்று, பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள் என்றார். அந்த வருஷம் சர்க்கார் பேரைச் சொல்லி எதைச் சொன்னாலும் மிராசுதாரர்கள் நம்பினார்கள். நிலத்துக்கே உச்சவரம்பு போட்டவர்கள் நெல்லை விட்டுவைப்பார்களா? பஞ்சநதம் வெளியூர் ஆட்களை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார். எங்கள் ஆட்கள் அறுத்தார்கள். களத்தில் அரை மரக்கால் கூடுதலாகவே விழுந்தது.

அப்புறம்தான் அவர் தஞ்சாவூர் வக்கீலைப் பார்க்கப் போனார். வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அந்தக் கடைசி வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் பண்ணைக் காரியக்காரர் ரெத்தினம் ஒரு கட்டுப் பேப்பரோடு படிப்பகத்துக்கு வந்தார்.

"ஏம்ப்பா வீரையா, அறுப்பு வாரத்துப் பேப்பர் அத்தனையும் இருக்கு. உன் மவ வாசிச்சது எதுலன்னு காட்டச் சொல்லு."

"காட்டு ஆயி" என்றார் வீரையன், மீசையைத் தடவிக்கொண்டு.

"அது வடை மடிக்கப் போயிடுச்சு" என்றாள் வேம்பு.

"நான் கொண்டாந்தது முழுசா இருக்கு புள்ள. காட்டு."

வேம்பு பக்கங்களைப் புரட்டினாள். கட்டம் கட்டி, பார்க்கக் கௌரவமாக இருந்த ஒரு இடத்தில் விரலை வைத்தாள். காரியக்காரர் குனிந்து உரக்க வாசித்தார்.

"கருகருவென அடர்ந்து வளர, கூந்தல் தைலம்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேம்பு விரலை எடுக்கவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

காரியக்காரருக்கு வாயெல்லாம் பல். "அப்ப கூட வாங்குன நெல்லத் திருப்பி அளந்துடுங்க."

அம்சம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"களத்துல மொத மரக்காலை ஒண்ணுன்னு சொல்லாம 'லாபம்'னு சொல்லி அளந்தது யாருங்க? நீங்கதான? லாபம் சொல்லி அளந்த நெல்லு திரும்பிக் களத்துக்கு வந்தா பண்ணைக்கு ஆகுமாங்க? உங்க அய்யாவக் கேட்டுட்டு வாங்க, இப்பவே அளந்துடறோம்."

காரியக்காரரின் பல் மெல்ல உள்ளே போயிற்று. பஞ்சநதம் சர்க்காருக்குப் பயப்படுவதைவிட சகுனத்துக்கு அதிகம் பயப்படுகிறவர் என்பது ஊருக்கே தெரியும். பேப்பர்க் கட்டைக்கூட எடுக்காமல் கிளம்பினார். நெல்லைக் கேட்டு யாரும் திரும்பி வரவில்லை.

வீட்டில் வீரையன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"நீ அரபே எடுத்துக்க. அங்க உன்னய யாரும் சிரிக்க மாட்டாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மறுநாள் பெயரைக் கூப்பிட்டபோது வேம்பு எழுந்து, "வாசிப்பு டீச்சர்" என்றாள்.

சிரிக்கத்தான் செய்தார்கள். ஒரு வரியை முடிக்க அவளுக்குப் பாதி பீரியடு ஆயிற்று. சாவித்திரி டீச்சர் அதட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அடுத்த வரி என்றார். நாள்தோறும் அதையேதான் சொன்னார்.

அடுத்த அறுப்புக்கு முன்னால் ஒருநாள் வேம்பு மறுபடியும் படிப்பகத்துக்கு வந்து பேப்பரை விரித்தாள். இம்முறை நிஜமாகவே வாசித்தாள், நொண்டி நொண்டி. ஒரு மந்திரி பாலம் திறந்திருந்தார். மெட்ராஸில் தங்கம் விலை ஏறியிருந்தது. எங்கேயோ யானைக்கு மதம் பிடித்திருந்தது. வீரையன் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

"நம்ம ஊரு பத்தி?" என்று கேட்டார் கிழவர் வைரக்கண்ணு.

வேம்பு பக்கம் பக்கமாகத் தேடினாள். "இல்ல தாத்தா."

"அறுப்புக் கூலி?"

"அதுவும் இல்ல."

"நீ வாசிக்கத் தெரியாம வாசிச்சப்ப தெனமும் நாம இருந்தமே" என்றார் வைரக்கண்ணு.

யாரும் சிரிக்கவில்லை. வேம்பு முதல் பக்கத்துக்குத் திரும்பி, இன்னும் மெதுவாக, மறுபடி தேடினாள்.