முதல் படியில் கற்பூரம்

நிற்கிற கரும்பு பதினைந்து நாள் கூடப் பொறுக்கும். வெட்டிப் போட்ட கரும்பு பொறுக்காது. எடை வெயிலோடு போய்விடும். இது வேணுவுக்குத் தெரியும், தணிகைவேலுக்கும் தெரியும். அதனால்தான் ஆலையின் வெட்டு உத்தரவு வந்தும் தணிகைவேல் பத்து நாளாக வாயைத் திறக்காமல் இருந்தார். வெட்டு ஆட்கள் வந்து, ஒரு ஏக்கர் கரும்பைத் தரையில் சாய்த்து, ஆலைக்குப் போகும் லாரி ரோட்டில் வந்து ஹாரன் அடித்த வியாழக்கிழமை காலையில், வேணுவின் வயலுக்குப் போகும் பாதையின் குறுக்கே இரும்புக் கேட்டை மாட்டிப் பூட்டினார்.

திருவாலங்காட்டுப் பக்கத்தில் வேணுவுக்கு இருந்தது மொத்தமே இரண்டு ஏக்கர். சுற்றியிருந்த பன்னிரண்டு ஏக்கரும் தணிகைவேலுடையது. அதில் கல் நட்டு, மனை போட்டு, ரோட்டோரம் நுழைவு வளைவும் கட்டிவிட்டார். நடுவில் வேணுவின் நிலம் மட்டும் விற்காமல் நின்றது. போன வருஷமே விலைக்குக் கேட்டார், வேணு கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டு எங்கே போவான்? பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அந்த மண்ணில்தான் இருந்தது.

பாதையின் கதை இது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேணுவின் அப்பா ரோட்டோரம் தனக்கிருந்த பதினைந்து சென்ட்டை தணிகைவேலின் அப்பாவுக்குக் கொடுத்தார். அதற்குப் பதிலாக, வயலுக்கு வண்டி போக அவர் பத்தடிப் பாதை விட்டார். பத்திரம் எழுதவில்லை. பங்காளி மாதிரிப் பழகுகிறவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று இரண்டு பெரியவர்களும் திருத்தணிக்குப் போனார்கள். மலைப் படிக்கட்டின் முதல் படியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். கூடப் போன இரண்டு பிள்ளைகளுக்கும் கீழே ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை வேணு, இன்னொன்று தணிகைவேல்.

பிறகு நில அளவை வந்தது. பதினைந்து சென்ட் தணிகைவேல் குடும்பத்தின் பேருக்கு ஏறியது. பாதை எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அந்தப் பதினைந்து சென்ட்டின் மேல்தான் இன்றைக்கு மனையின் வளைவு நிற்கிறது.

வியாழக்கிழமை முழுக்க வேணு அலைந்தான். ஆலையின் கள அலுவலர் நல்ல மனிதர். வெட்டு உத்தரவைச் சரியாகக் கொடுத்தேன், பாதைக்கு நான் என்ன செய்வேன் என்றார். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். தணிகைவேல் சாரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன் என்றார்கள். கட்சிக்காரர் ஒருவரும் அதையேதான் சொன்னார். ஒரு ஊரில் யாருக்கு அதிகாரம் என்று தெரிய வேண்டுமானால் போர்டைப் படித்துப் பயனில்லை. கஷ்டம் என்று போனால் எல்லாரும் யார் பேரைச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

கிராம நிர்வாக அலுவலர் மட்டும் ஒரு வழி சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர், இந்தப் பாதை வழக்கமாகப் புழங்கும் பாதைதான் என்று கையெழுத்துப் போட்டால் போதும், நாளைக்கே தாசில்தாரிடம் கொண்டுபோய் கேட்டைத் திறக்க வைக்கிறேன் என்றார். தணிகைவேலின் நிலத்துக்கு அப்பால் வயல் வைத்திருந்த பஞ்சாட்சரமும் கதிரவனும் போடுவதாக ஒப்புக்கொண்டார்கள். இருவரும் அந்தப் பாதையில் உரம் ஏற்றிப் போனவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போட வேப்பமரத்தடியில் கூடியபோது, யாரும் கூப்பிடாமலே தணிகைவேலும் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கோபமே இல்லாமல் பேசினார். அப்படி ஒரு பாதையை யாரும் யாருக்கும் விடவில்லை, சும்மா போய்க்கினு வந்துகினு இருந்தார்கள், நானும் போகட்டும் என்று விட்டேன் என்றார். நம் அப்பாக்கள் பேசியது ஞாபகம் இல்லையா என்று வேணு கேட்டான். அவர் சிரித்தார். அப்போது பேச்சுவாக்கில் வேணுவின் அப்பாவுக்கு அந்தக் காலத்திலேயே புத்தி சரியில்லை என்று ஒரு வார்த்தை விட்டார்.

வேணுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பேனா பஞ்சாட்சரத்தின் கையில் இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும்.

"அந்த முதல் படியிலயே கற்பூரம் ஏத்தறேன். பாதையே கெடையாதுன்னு உள்ளங்கையால அணைச்சி சத்தியம் பண்ணுண்ணா. பண்ணிட்டா நான் அதுக்கப்பறம் வாயத் தெறந்தா ஏன்னு கேளு."

அந்தப் பக்கத்தில் இதற்கு மேல் கோர்ட் கிடையாது. பொய்ச் சத்தியத்துக்குக் கற்பூரம் அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது பாலோடு ஊட்டி வளர்க்கிற பயம். தணிகைவேல் பின்வாங்குவார் என்று வேணு உறுதியாக நம்பினான். பூரி தின்ற பிள்ளை அல்லவா?

செய்தி கேட்டு அவன் மனைவி சின்னம்மாள் வயலிலிருந்து ஓடிவந்தாள். அவளுக்குச் சத்தியத்தின் மேல் பயம் உண்டு, தணிகைவேலின் மேல் நம்பிக்கை இல்லை. "சாமிக்கு பயப்படறவன் கரும்பு வுழுந்த அப்பறமா கேட்டு போடுவானா? மொதல்ல அந்தக் கையெழுத்த வாங்கு" என்று கெஞ்சினாள். வேணு கேட்கவில்லை. சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தால் தான்தான் பொய்யன் என்று ஆகிவிடும் என்றான்.

ஊர் பத்துப் பேரோடு பகல் பன்னிரண்டுக்குத் திருத்தணி மலையடிவாரம் போனார்கள். படிக்கட்டில் ஒரு குடும்பம் படிபடியாக மஞ்சள் பூசிக்கொண்டே மேலே போனது. வேணு முதல் படியைத் தண்ணீர் விட்டுத் துடைத்தான். கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினான்.

தணிகைவேல் செருப்பைக் கழற்றினார். மேலே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "எங்க நைனா யாருக்கும் பாதை வுடல. முருகா, நீதான் சாட்சி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கொழுந்துவிட்டு எரிந்த கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

வேணு அவர் முகத்தையே பார்த்தான். ஒரு சுளிப்பு இல்லை. வானம் இடிந்து விழவில்லை. மஞ்சள் பூசிய குடும்பம் ஏழாவது படிக்குப் போயிருந்தது.

பஞ்சாட்சரம் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வேணு அவர் பக்கம் திரும்புவதற்குள் அவரே சொன்னார்: "இன்னாப்பா பண்றது. சாமி முன்னாடி முடிஞ்சி போச்சி. அதுக்கு மேல நான் எப்படி கையெழுத்து போடறது?" கதிரவன் அதற்குள் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார். பாதையில் உரம் ஏற்றிப் போனவர்கள் இருவரும், அந்தப் பாதை இருந்ததை அப்போதே மறக்கத் தொடங்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் தணிகைவேல் வேணுவைக் கைபிடித்து டீக்கடைப் பக்கம் அழைத்துப் போனார். வேணு கையை உதறவில்லை. உதறும் தெம்பு அவனிடம் இல்லை.

"உனக்குத் தெரியும்ணா. நீயும் அங்க இருந்த" என்றான் வேணு.

"ஆங், இருந்தேன்" என்றார் தணிகைவேல். குரலில் கள்ளமே இல்லை. "கிருத்திகைக்கு ஆயிரம் பேருக்குச் சோறு போடறேன்னு வேண்டிகினுதான் கைய வெச்சேன். சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ லாரிக்காரனுக்குப் பதில் சொல்லு."

வேணுவுக்கு அப்போதுதான் புரிந்தது, அவமானத்தால் உடம்பெல்லாம் கூசியது. சாமிக்குப் பயப்படுவதில் இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பயத்துக்கும் ஈடு கட்ட ஒருவரிடம் வசதி இருந்தது, இன்னொருவனிடம் பயம் மட்டுமே இருந்தது.

சாயங்காலம் கேட் திறந்தது. ரோட்டோர மனை விலையில் கால் பங்குக்கு இரண்டு ஏக்கரையும் எழுதித் தருவதாக வேணு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறந்தது. வெட்டு ஆட்கள் காய்ந்து போயிருந்த கட்டுகளை ஏற்றினார்கள். லாரி வளைவுக்குக் கீழே நுழைந்து ரோட்டுக்குப் போனது. சின்னம்மாள் புருஷனைத் திட்டவில்லை. வழியில் சிந்திய கரும்புகளைப் பொறுக்கிக்கொண்டே பின்னால் நடந்தாள்.

அடுத்த புதன்கிழமை பதிவு அலுவலகத்தில் கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். தணிகைவேலின் விரலை மெஷின் தொட்டதும் ஏற்றுக்கொண்டது. வேணுவின் விரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தான், ஏற்கவில்லை. ஈரம் தொட்டு வைத்தான், அப்போதும் ஏற்கவில்லை. மண்வெட்டியும் கரும்பின் சோகை இலையும் ரேகையைத் தின்றுவிட்டிருந்தன. நான்தானம்மா வேணு என்று மெஷினுக்கு முன்னால் இருந்த பெண்ணிடம் சொன்னான். அவள் பாவம், மெஷின் சொல்ல வேண்டும் ஐயா என்றாள்.

ஒரு நிமிஷம் அவனுக்குள் ஒரு ஆசை எழுந்தது. இப்படியே ஏற்காமல் போனால் நிலம் போகாதே.

தணிகைவேல் எழுந்து வந்தார். "விடு வேணு, நான் அழுத்தறேன்" என்று அவன் கட்டைவிரலைப் பிடித்தார். அவர் உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட கொப்புளம் இன்னும் ஆறாமல் இருந்தது. அதன் ஈரம் வேணுவின் விரலில் பட்டது. அழுத்திப் பிடித்தார்.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.