விலை கேட்டு விழுகிறவன்

பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் அந்தக் கடையில் அண்ணன் பேசுவார், தம்பி விழுவான். தொழில் அப்படித்தான் நடந்தது.

வீட்டைக் காலி பண்ணுகிறவர் அலமாரிக்கு ஒரு விலை சொல்வார். அண்ணன் ஏதாவது கிண்டலடிப்பார், அவர் வாய் சும்மா இருக்காது. உடனே தம்பியின் தாடை தொங்கும், முழங்கால் மடியும், ஆள் சாக்குமூட்டை மாதிரி சரிவான். விற்கிறவர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளிப்பார். 'நாம சொன்னது கொஞ்சம் ஓவரோ' என்று தானே இறங்கி வருவார். கடைத்தெருவில் இதைப் பெரிய வித்தை என்றார்கள். எதிர்க்கடைக்காரர் தன் மைத்துனனையும் விழுந்து பழகச் சொன்னார். அவன் மூக்கை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

வித்தையுமில்லை, வெங்காயமுமில்லை. கிடக்கும்போது தம்பிக்கு நினைவு தப்பாது. பேச்செல்லாம் கேட்கும். உதட்டில் ஈ உட்கார்ந்தால் தெரியும், ஓட்டத்தான் முடியாது. ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டிய மாதிரி ஓரிரு நிமிஷம். மற்ற நேரமெல்லாம் தூக்கம் பிடுங்கித் தின்னும். அளவு நாடாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவான். 'தூங்குமூஞ்சி' தெருவே வைத்த பெயர். இரண்டு வயது மகளை அவன் நின்றபடி தூக்கி மாதக்கணக்காகிறது. அவள் சிரித்தால் இவனுக்கும் சிரிப்பு வரும். வந்தால் கை விட்டுவிடும்.

தூக்க வியாதி பார்க்கும் டாக்டரம்மா அண்ணன் தம்பி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "தூங்கும்போது உடம்பு அசையாம இருக்க ஒரு பூட்டு உண்டு. உங்களுக்கு அது முழிச்சிருக்கும்போதே விழுது. முக்கியமா சிரிச்சா. நல்ல மருந்து இருக்கு. முதல்ல ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் இங்க தங்கணும், டெஸ்ட் எடுக்கணும்."

நான்கு மாதம் காத்திருந்து தேதி கிடைத்தது. அன்று மாலை நாலு மணிக்குள் போகாவிட்டால் படுக்கை அடுத்தவருக்கு. அதே நாளில்தான், மூடப்போகிற ஓட்டல் ஒன்றின் அறுபது கட்டில் விலைக்கு வந்தது.

"தேதிய மாத்திக்கடா. வியாதி எங்க ஓடிப்போகுது?"

"மாத்த மாட்டேண்ணே."

"சரி, கோவிச்சுக்காத. பதினொன்னுக்குப் போறோம், பன்னெண்டுக்கு முடிக்கிறோம்."

மணி மூன்றாகியும் முடியவில்லை. ஓட்டல் மேனேஜர் கல்லுப்பிள்ளையார். சொன்ன விலையிலேயே நின்றார்.

"ஏன் சார்," என்றார் அண்ணன், "இதுல படுத்தவங்க எல்லாம் எந்திரிச்சு வீட்டுக்குப் போனாங்களா, இல்ல வாடகையக் கேட்டுட்டு அப்படியே போய்ச் சேந்துட்டாங்களா?"

தம்பி விழுந்தான். கம்பளத்தின் தூசி மூக்கில் ஏறியது. மேலே மேனேஜர் பதறி, கொஞ்சம் இறங்கினார். அண்ணனுக்குப் போதவில்லை.

தம்பியின் விரல் அசையத் தொடங்கியது. அண்ணன் குனிந்து தோளைத் தடவிக்கொடுப்பதுபோல் காதுக்குள் சொன்னார்: "அந்தாளு தலையில இருக்கறது முடியில்லடா. நம்ம சோபாவுக்குள்ள அடைக்கிற நாரு."

விரல் நின்றது. மறுபடி பூட்டு.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. விலைக்குப் பின்னால் கிண்டல், கிண்டலுக்குப் பின்னால் விழுதல். எத்தனை வீடு, எத்தனை தரை! டாக்டரம்மா சொன்னதை அண்ணன் நன்றாகத்தான் கேட்டிருக்கிறார். கத்த வேண்டும் போலிருந்தது. வாயிலிருந்து எச்சில்தான் வழிந்தது. சுவர்க்கடிகாரம் கண்ணுக்கு நேரே மூன்றேகால் காட்டியது. எழுந்தால் இன்னொரு ஜோக் தயாராக இருக்கும்.

அந்தத் தெருவில் அண்ணன் தம்பி யார் வாயிலிருந்து விலை வந்தாலும் அது கடையின் வாக்கு. பின்வாங்கினால் மறுநாள் எவனும் கடைப் படி ஏற மாட்டான்.

நாக்கில் உயிர் வந்ததும், மற்றது வரும்வரை அவன் காத்திருக்கவில்லை. கம்பளத்தில் கிடந்தபடியே குழறினான்: "சார்... நீங்க முதல்ல சொன்ன விலைக்கே... எடுத்துக்கறோம்."

மேனேஜர் அந்த நிமிஷமே கை நீட்டினார். அண்ணன் முகம் போன போக்கு இருக்கிறதே! தம்பிக்குச் சிரிப்பு முட்டியது. இங்கே சிரித்தால் தொலைந்தோம் என்று பல்லைக் கடித்தான். மாடிப்படி முழுக்கக் கைப்பிடியை இறுகப் பிடித்து, செத்துப்போன சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டே இறங்கினான். பின்னாலேயே அண்ணன் குரல்: "குடியக் கெடுத்தியேடா பாவி! நில்றா!"

ஆஸ்பத்திரியில் மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. நர்ஸ் படிவத்தை எடுத்தார். "கூட யாரு?"

மூச்சிரைக்க வந்து நின்ற அண்ணன், "நான்தாம்மா. கூடப்பொறந்தவன்" என்றார்.

"எப்பெப்ப விழுவாரு? பாத்தவங்கதான் சொல்லணும்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"நான் சிரிக்க வச்சா," என்றார். "அப்படியே எழுதிக்கங்க. வேணும்னேதான்."