நாற்பத்தொரு திறமைசாலிகள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு அந்த மென்பொருள் வந்ததிலிருந்து மனிதவள அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. ஊழியர்கள் கணினியில் வீடியோ பாடம் பார்த்துத் தேர்வு எழுதுவார்கள். அது மதிப்பெண் போடும்; யார் திறமைசாலி, யார் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று ஆரூடமும் சொல்லும். "திறமைசாலிங்கள விட்டீங்கன்னா உங்க நாற்காலியும் கூடவே போயிடும்" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்தால்தான் அவளுக்குப் பயம்.

ஆறே மாதத்தில் அவளையும் சேர்த்து நாற்பத்தொரு பேர் திறமைசாலிகள் என்று திரையில் பச்சையாக ஜொலித்தார்கள். லேபிளைத் தலைகீழாக ஒட்டும் ஆசாமிகூடத் தர ஆய்வுப் பாடத்தில் தொண்ணூற்றாறு. கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? நல்ல செய்தியை யார் குடைந்து பார்க்கிறார்கள்!

ஒரு மத்தியானம் கேட் வாட்ச்மேன் வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய மனிதர், சட்டைப் பித்தான் ஒன்றைக்கூடப் போடாமல் விடமாட்டார்.

"மேடம், தர ஆய்வுல ஒரு இடம் காலியாமே. எனக்குக் குடுத்துப் பாருங்களேன். பெட்டி எங்க பிரியும், பசை ஏன் ஒட்டாது, எல்லாம் தெரியும்."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "உங்க பேருல ஒரு பாடம்கூட முடிக்கலியே அண்ணே. சிஸ்டம் பூஜ்யம்னு சொல்லுது. நான் என்ன பண்றது?"

"என் பேருல படிக்க எனக்கு எங்க மேடம் நேரம்?" என்றார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

பத்தாம் நாள் கேட் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எதிர்த்தெரு கம்பெனியில் தேர்வு வைத்தார்களாம், முதலாவதாக வந்தாராம், தர ஆய்வாளர் வேலையாம். அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. வாட்ச்மேன்தானே, வேறொருவரை வைத்தால் போயிற்று என்று தேற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் திரை முழுக்கச் சிவப்பு. நாற்பத்தொரு திறமைசாலிகளும் ஒரே நாளில் படிப்பதை நிறுத்திவிட்டதால், எல்லோரும் கூண்டோடு விலகக்கூடும் என்றது மென்பொருள். தன் பெயரும் அதில் இருப்பதைக்கூடக் கவனிக்காமல் அவள் கேன்டீனுக்கு ஓடினாள். நாற்பது பேரும் அங்கே சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் யாரும் படிக்கல?"

லேபிள் ஆசாமி தலையைச் சொறிந்தார். "அது வந்து மேடம்... எங்க பாஸ்வேர்டெல்லாம் வாட்ச்மேன் அண்ணன்கிட்டதான் இருந்துச்சு. கேட் கம்ப்யூட்டர்ல அவர்தான் எங்களுக்காகப் படிச்சு, பரீட்சையும் எழுதிக் குடுப்பாரு."

அவள் விடுவிடுவென்று தன் அறைக்குத் திரும்பினாள்.

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் அவளுடைய சான்றிதழ் தொங்கியது: 'திறமையை அடையாளம் காண்பது எப்படி?' பாடத்தில் தொண்ணூற்றெட்டு. இரண்டு மணி நேரப் பாடம். "கொஞ்சம் பார்த்து முடிச்சிடுங்க அண்ணே" என்று பாஸ்வேர்டு எழுதிய ஒரு துண்டுச் சீட்டை அவளும்தான் கேட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சான்றிதழை ஆணி அடித்து மாட்டிக் கொடுத்ததும் அவரே.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தச் சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் அவரைப் பூஜ்யம் என்று சொல்லியிருந்தாள்.

மேசையில் போன் அடித்தது; எடுத்தாள். முதலாளி சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.