கடைசிப் பன்னிரண்டு கஜம்

திங்கட்கிழமை காலையில் படப்பை ஹாஸ்டல் பெண்கள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்கள். சுகப்பிரியா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏறுவாள். ஒரகடம் தாண்டி, மண்ணூர்ப் பக்கம் இருக்கும் செல்போன் கம்பெனி போய்ச் சேரும்வரை அவள் வாய் ஓயாது. அமெரிக்கக்காரன் ஆடும் ஃபுட்பாலை அவள் தன் சொந்த ஊரான சுரண்டைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள், நாற்பது பேரும் கேட்டாக வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டவள் தொலைந்தாள்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத ஒரு காலையில், போனில் நேரலையாக ஓடியது அது ஒன்றுதான். ஹெல்மெட் போட்ட தடியன்கள் முட்டிக்கொள்வதைப் பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விஷயம் பிடிபட்டது. நாலு வாய்ப்பு, அதற்குள் பந்தைப் பத்து கஜம் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் மறுபடி நாலு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்தப் பத்து கஜத்துக்கு அவர்கள் படும் பாடு இருக்கிறதே, அடேயப்பா!

ஆட்டக்காரர்களின் பெயர் வாயில் நுழையவில்லை என்று அவளே பெயர் சூட்டினாள். பந்தை எறிகிறவன் மகாராஜா. அவன் முன்னால் மலை மாதிரி நிற்கும் ஐந்து பேரில் இடது ஓரத்துக்காரன் பிச்சையா. நூற்று நாற்பது கிலோ இருப்பான். பந்தைத் தொடவே மாட்டான், புள்ளிக் கணக்கில் அவன் பெயர் வராது. மகாராஜா எறிந்து முடிக்கும்வரை எவனும் அவன்மேல் விழாமல் நெஞ்சைக் கொடுத்துத் தடுப்பது மட்டும்தான் பிச்சையாவின் வேலை. செல்போன் பூட்டும் லைனில் ஒன்பதாவது ஸ்டேஷனில் நாள் முழுக்க நாலே நாலு ஸ்க்ரூ முடுக்குகிற சுகப்பிரியாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம்.

"எறிஞ்சவனுக்குக் கைதட்டுதாங்க, பிடிச்சவனுக்குக் கைதட்டுதாங்க. பிச்சையா இல்லேன்னா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலல்லா கெடப்பானுவ!" என்பாள்.

டிரைவர் கோதண்டராமன் முதலில் இதை மதிக்கவே இல்லை. மண்ணூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நிலம் ஃபேக்டரிக்குப் போனபின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்.

"இன்னாம்மா இது? தீபாவளிக்கு பஸ்ல சீட்டு புடிக்கிற மாதிரி மோதிக்கினு கீறானுங்க!" என்று சிரித்தார்.

நாலு வாரம் கழித்து, சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "நம்ம பிச்சையா இன்னிக்கு எப்டி?" என்று கேட்டார். பஸ்ஸே ஓவென்று கத்தியது. மனுஷன் கூச்சத்தில் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார்.

அந்த வருஷம் சுகப்பிரியாவின் அணி முதல் முறையாக ஃபைனலுக்கு வந்தது. நம் ஊருக்கு அது பிப்ரவரித் திங்கட்கிழமை, விடிகாலை ஐந்து மணி ஆட்டம். நடுவில் பாட்டுக் கச்சேரி வேறு, லேசில் முடியாது. எட்டு இருபதுக்குள் கேட்டில் கார்டு காட்ட வேண்டும். போனை அங்கேயே லாக்கரில் போட்டுவிட வேண்டும், சாயங்காலம்தான் கைக்கு வரும். முடிவைப் பார்ப்போமா மாட்டோமா என்று ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று ஒரகடம் தாண்டும்போது அவள் அணி நாலு புள்ளி பின்னால் இருந்தது. எட்டு மணிக்கு, ஆட்டத்தில் மீதி இரண்டே நிமிடம். பந்து இவர்கள் கையில். எல்லை வரை கொண்டு போய்விட்டால் ஆறு புள்ளி, கோப்பை. கம்பெனி திருப்பம் கண்ணுக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, ரெண்டே நிமிசம். நிறுத்துங்க அண்ணாச்சி!"

கோதண்டராமன் பெட்ரோல் பங்க் ஓரமாக ஒதுக்கினார். அந்த விளையாட்டில் இரண்டு நிமிடம் என்பது நம் கடிகாரத்தில் கால் மணி நேரம் என்று சுகப்பிரியாவுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவைக்கும் கடிகாரத்தை நிறுத்துவான், கூடிக் கூடிப் பேசுவான், நடுவில் சிப்ஸ் விளம்பரம் போடுவான். தெரிந்தேதான் சொன்னாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

நாற்பது பெண்களும் இருக்கையை விட்டு எழுந்து அவள் போனைச் சூழ்ந்தார்கள். மகாராஜா எறிந்தான், ஒருவன் தாவிப் பிடித்தான். இன்னொரு எறி, இன்னும் இருபது கஜம். பிச்சையா ஒரே நேரத்தில் இரண்டு பேரை மல்லாத்தினான். "அப்படிப் போடு!" என்று பக்கத்து சீட்டு கங்கா ஜன்னல் கம்பியில் குத்தினாள். எட்டு பதினைந்துக்கு, மீதி இருபத்தொரு விநாடி, எல்லைக்குப் பன்னிரண்டு கஜம். அப்போது பார்த்து விளம்பரம்.

"இன்னாம்மா, ரெண்டு நிமிசம்னு சொன்ன? கால் மணி ஆவுது!"

சுகப்பிரியாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தெரிஞ்சுதான் சொன்னேன் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "சரி வுடு, பாத்துட்டே போலாம். பஸ் லேட்டுன்னா ஒங்களுக்கு இன்னா வந்துச்சு? எம் பேரத்தான எழுதுவான்."

அது உண்மைதான். பஸ் லேட்டானால் பெண்களுக்கு லேட் மார்க் கிடையாது. செக்யூரிட்டி தனி நோட்டில் டிரைவர் பெயரை எழுதுவான். அந்த நோட்டில் பெயர் ஏறினால் வேறு ரூட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று டிராவல்ஸ் முதலாளி சொல்லியிருப்பது நாற்பது பேருக்கும் தெரியும். நாலு வருஷத்தில் கோதண்டராமன் பெயர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருக்கும்.

விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுகப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. இரண்டு வருஷம் காத்திருந்தது இந்த இருபத்தொரு விநாடிக்குத்தான்.

"பஸ்ஸ எடுங்க அண்ணாச்சி," என்றாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்றாள் கங்கா.

"எடுங்கன்னு சொல்லுதேம்லா!"

பஸ் பறந்தது. கேட்டைத் தொட்டபோது எட்டு பத்தொன்பது. இறங்கும்போது போனை லாக்கருக்குக் கொண்டுபோகாமல் அவர் கையில் திணித்தாள். "நமக்காக நீங்க பாருங்க." திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

அன்றைக்கு அவள் முடுக்கிய ஸ்க்ரூக்களை எல்லாம் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். லைனில் யாரைக் கேட்பது? சூப்பர்வைசருக்குக் கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாது. ஐந்தரைக்கு வெளியே வந்ததும் கங்கா லாக்கரிலிருந்து தன் போனை எடுத்து முடிவைத் தேடப் போனாள்.

"எவளாவது பாத்தீங்க, கொன்னுருவேன். அண்ணாச்சி வாயால கேக்கணும்," என்று சுகப்பிரியா தடுத்தாள்.

கோதண்டராமன் ஸ்டியரிங்கில் இல்லை. பஸ் நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெண் ஏறியதும் தொண்டையைச் செருமினார்.

"மொத வாய்ப்பு. மகாராசா எறிஞ்சான். வுட்டுட்டான் அந்தப் பையன், கைல பட்டும் வுட்டுட்டான். ரெண்டாவது. மூணு பேரு தொரத்துறானுங்க, இவன் ஓட்றான் ஓட்றான், கடசில கோட்டுக்கு வெளில தூக்கிப் போட்டுட்டான். அது நல்லதா கெட்டதா எனக்குத் தெர்ல. மூணாவதும் போச்சும்மா. மிச்சம் நாலு செகண்டு."

அவர் கம்பியை விட்டுவிட்டுக் காலை அகட்டி நின்றார்.

"நாலாவது. நம்ம பிச்சையா நின்னான் பாரு! ஒருத்தன் கழுத்தப் புடிச்சித் தள்றான், இன்னொருத்தன் கால்ல வுழுறான், நவுரலியே! மகாராசா நிதானமா எறிஞ்சான். அந்தப் பையன் புடிச்சிட்டான்மா! புடிச்சிக்கினு பாயுறான், அதுக்குள்ள நாலு பேரு மேல வுழுந்து..." அவர் கையை விரித்துக் காட்டினார். "இவ்ளோதான். ஒரு சாண். கோட்டுக்கு ஒரு சாண் முன்னாடி."

சுகப்பிரியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கங்காவும் அழுதாள். யார் எந்த அணி என்றே சரியாகத் தெரியாத பின்சீட்டுப் பெண்கூட மூக்கை உறிஞ்சினாள்.

"அழாதம்மா. கேளு. எல்லாரும் குதிக்கிறாங்க, கலர் பேப்பர் கொட்டுது. மகாராசா குப்புறப் படுத்துக் கெடக்கறான். பிச்சையா போனான். தூக்கி நிக்க வெச்சான், மேல ஒட்டன புல்ல தட்டி வுட்டான், தோள்ல கை போட்டு இட்டுக்கினு போனான். கேமராக்காரன் வந்தா முதுகக் காட்டிட்டான். அப்பேர்ப்பட்ட ஆளும்மா அவன்!" கோதண்டராமன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "காலைலேர்ந்து நெஞ்சு அடச்சிக்கினு ஒக்காந்துனுகீறேன். டீக்கடைல சொன்னா, அவன் கேரம் போர்டான்னு கேக்கறான். யார்கிட்டம்மா சொல்றது?"

சுகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் போனை அவளிடம் கொடுத்துவிட்டு சீட்டில் போய் உட்கார்ந்தார். சாவியைத் திருகாமல் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"சரி, அடுத்த மேட்ச் எப்போ?"

"செப்டம்பர்ல அண்ணாச்சி."

"செப்டம்பரா? ஏழு மாசம் கீதேம்மா!" என்று சீட்டிலிருந்து அப்படியே திரும்பிவிட்டார். "அதுவரிக்கும் நான் இன்னா பண்ணுவேன்?"