இரும்பு வயிறு

தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கும் அவளுக்கு ‘இரும்பு வயிறு’ என்று பெயர். கறி உருண்டை உள்ளே வெந்துவிட்டதா என்று பார்க்க நிர்வாகம் கொடுத்த தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்றைக் கடித்துப் பார்த்தே சட்டியை இறக்குவாள். பதினாறு வருடத்தில் ஒரு ஏப்பம்கூடத் தப்பாக வந்ததில்லை. வீட்டிலோ, தண்ணீர் மாறினாலே படுத்துக்கொள்ளும் கணவர். மகளுக்கு எதிரிலேயே அவரைப் பஞ்சு வயிறு என்பாள்.

"எங்க வம்சம் கல்லைத் தின்னாலும் செரிச்சிடும். நல்லவேளை, இவ என்னை மாதிரி."

ஒரு செவ்வாய்க்கிழமை உருண்டை நடுவில் சிவப்பாகத்தான் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, கடித்தாள், இறக்கினாள். பள்ளி விடுமுறை என்று கூட வந்திருந்த மகளுக்கும் இரண்டு வைத்தாள். முப்பது பேருக்கு வயிற்றால் போனது. நான்காம் நாள் எல்லோரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். அவளுக்கு ஒன்றுமே இல்லை. பத்து வயது மகளுக்கு மட்டும் ரத்தமாகப் போய், சிறுநீர் நின்று, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன.

ஒன்றரை வருடம் டயாலிசிஸ். அவ்வளவு நாளும் வார்டு வாசலில் நின்று கணவரைக் கரித்துக் கொட்டினாள். "உங்க நோஞ்சான் ரத்தம்தான் புள்ளைய இப்படிப் போட்டுது. என் சிறுநீரகத்தை நான் குடுக்கிறேன், நீங்க ஒதுங்கி நில்லுங்க."

சிறுநீரகம் கொடுக்க எடுத்த பரிசோதனைகளின் முடிவு வந்த அன்று மூவரையும் உட்காரவைத்து டாக்டர் சொன்னார்.

"கிருமி எல்லார் வயித்துலயும்தாம்மா போச்சு. அதோட சண்டை போடுற எதிர்ப்பு சக்தி, சிலருக்கு மட்டும் அடங்காம சொந்த சிறுநீரகத்தையே அடிச்சிடும். பரம்பரையா மரபணுவுல வர்ற குறை அது. பாப்பாவுக்கு உங்ககிட்டேருந்து வந்திருக்கு. உங்க உடம்புல சும்மா கிடக்குது, அவ்வளவுதான். அதனால உங்க சிறுநீரகத்தை எடுக்க முடியாது. அப்பாவுக்கு அந்தக் குறை இல்ல. அவரோடது பொருந்துது."

"தப்பா இருக்கும் டாக்டர், எங்க வம்சத்துல..." என்று ஆரம்பித்தவள் கணவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"குடுக்கிறேன். ஆனா இனிமே இவ தட்டுல உன் கை படக் கூடாது."

தனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று அவள் மகளைப் பார்த்தாள். மகள் நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிடலாம்பா" என்றாள்.