பூஜ்யத்தால் பெருக்கியபோது

ஆகஸ்டில் பாரிஸ் ஆளில்லாமல் போய்விடும். புறநகர்ப் பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடியில் அந்தக் கோடைக்கு மயேல் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். கேன்டீன் பூட்டிக் கிடந்ததால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கணினி முன்னாலேயே.

கணக்குக் கோவைகளைக் கிளைவிட்ட மரங்களாகக் கணினியில் கண்டபடி முளைக்கவிடுவாள். இலைகளில் எண்கள், எழுத்துகள். கிளை பிரியுமிடத்தில் கூட்டல், பெருக்கல். அவற்றின்மேல் பேராசிரியர் ஜெர்வேயின் நிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பதுதான் வேலை. கேன்டீன் திறந்திருக்கும் மாதங்களில் அவளோடு தினமும் மதியம் சாப்பிடுகிறவர் அந்த ஊரில் அவர் ஒருவரே.

ஒருநாள் சலிப்பில் ஒரு விதியைச் சேர்த்தாள்: பூஜ்யத்தோடு எது பெருக்கப்பட்டாலும் பூஜ்யம், ஆகவே அந்தக் கிளையை வெட்டிவிடு. பெருமரம் கையளவு குச்சியாகிவிட்டது. இன்னும் பெரிதாக வளர்த்தாள். மிஞ்சியது சராசரியில் அதே அளவுதான். மரத்தின் அடியிலேயே ஏதோ ஒரு பெருக்கலின் ஒரு பக்கம் பூஜ்யம் இருந்தது. மறுபக்கத்துக் காடு முழுக்க அதோடு போயிற்று.

நிரலில் பிழை தேடிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் ஜெர்வேயைக் கைபேசியில் அழைத்தாள்.

"கடல்ல கால நனைச்சிட்டு நிக்கிறேன், மயேல். லீவுலகூட விடமாட்டியா?"

"உங்க சராசரி வேகக் கணக்கெல்லாம் இந்த மரங்கள வச்சுத்தானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"எவ்வளவு பெருசா வளர்த்தாலும் உள்ள ஒண்ணுமில்ல. சுருக்கினா எல்லாம் குட்டி."

அலைச்சத்தம் தேய்ந்தது; கரைக்கு ஏறிவிட்டார் போலும்.

"பூஜ்யப் பெருக்கலா?" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

செப்டம்பரில் அவள் எழுதிய நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்த்தார்.

"சரியா இருக்கு. உன் பேர்லயே கட்டுரையாப் போடு. என் பேர் வேண்டாம்."

"எம்மேல கோவமா?"

"உம்மேல எதுக்கு? இத்தன வருஷம் வெத்து மரத்த அளந்திருக்கேனே, அதுதான்."

அதற்குப் பிறகு அவர் கேன்டீனுக்கு வரவில்லை. கீழ்மாடிக்கு அறை மாற்றிக்கொண்டார். கட்டுரை ஏற்கப்பட்டது. போலந்தில் ஒரு மாநாட்டில் பேசினாள்; கைதட்டினார்கள். விடுதிக்குத் திரும்பியதும் யாரிடமாவது சொல்லவேண்டும்போலிருந்தது. கைபேசியைத் திறந்து, பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு மூடினாள்.

ஊர் திரும்பிய வாரம், மதிய வேளையில் கீழ்மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். ஜெர்வே நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியில் குவிந்திருந்த காகிதங்களைத் தரைக்கு மாற்றினார்.

"காப்பி ஆறிப்போச்சு. பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

அவர் இன்னொரு கோப்பையைத் தேடியெடுத்து ஊற்றினார்; அவள் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.